உப்பின் பெயர்

ஆசிரியர் என் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னார். கவிதையைப் பற்றி எழுதப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் அலுப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. என் தொழில் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பது. அது எங்கிருந்து வந்து கரைந்தது என்று சொல்வது. புவிவேதியியல் என்று இதற்குப் பெயர். முப்பது வருஷங்களுக்கு மேல் இதைச் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். முதல் கேள்விக்கு அநேகமாக எப்போதும் என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்குச் சில சமயம் இருந்தது. ஜனங்கள் இந்த இரண்டையும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது மூன்றாவதாக ஒன்று: இதைக் குடிக்கலாமா, கூடாதா? உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் அதற்கு நான் ஒருமுறைகூட நேராகப் பதில் எழுதியதில்லை.

சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கரிசல் கிராமம் என்னுடையது. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போட்ட நிலம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. வறண்ட காற்றும் வேலையில்லாத கைகளும் அந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்தன. என் அக்கா சிறு பெண்ணாகவே பயராபீஸுக்குப் போனாள். பட்டாசு செய்யும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குழாய் ஒட்டியிருக்கிறேன்.

வெடிக்கிற கலவையை அங்கே மருந்து என்பார்கள். உப்புகளுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. பொட்டாசியம் நைட்ரேட் வெடியுப்பு. பேரியம் நைட்ரேட் பச்சை உப்பு. பச்சை உப்பு பச்சையாக இருக்காது. சமையல் உப்பைப் போல வெள்ளைதான். ஏன் அதைப் பச்சை என்கிறார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் போர்மேனிடம் கேட்டு வந்து சொன்னாள்: "தீயில போட்டாத் தெரியுமாம்." ஒரு பொருளுக்கு அதன் தோற்றத்தை வைத்துப் பெயரிடாமல், அதற்கு நேரப்போவதை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த வயதில் பெரிய ஆச்சரியம். ரசாயனம் படிக்கப் போனதற்கு வேறு காரணம் எதுவும் இப்போது ஞாபகம் வரவில்லை.

படித்து முடித்து எனக்குக் கிடைத்த வேலை காவிரிப் படுகையில், எண்ணெய்க் கிணறுகளைச் சார்ந்தது. நான் வேலை பார்த்த ஸ்தாபனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 1980களில் நரிமணம், கமலாபுரம் என்ற பெயர்கள் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்திருந்தன. எண்ணெய்க் கிணறு என்றால் எண்ணெய் மட்டும் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதிகம் வருவது தண்ணீர். உலக முழுவதையும் சேர்த்து, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் தண்ணீர் என்று தோராயமாகச் சொல்வார்கள். கிணறு கிழடு தட்டத் தட்ட இது கூடிக்கொண்டே போகும். கோடிக்கணக்கான வருஷங்கள் பாறைக்குள் அடைபட்டுக் கிடந்த நீர் அது. பல இடங்களில் கடலைவிட உப்பு. அதை எங்கே விடுவது என்பதுதான் எண்ணெய்த் தொழிலின் பேசப்படாத பாதி. என் வேலை அந்தப் பாதியில்.

முதல் மாதிரியின் பகுப்பாய்வுத் தாள் மேஜைக்கு வந்தபோது, சோடியம், கால்சியம் எல்லாம் தாண்டிக் கீழே இரண்டு பெயர்கள்: ஸ்ட்ரான்ஷியம், பேரியம். பூச்சட்டியில் சிவப்புக்குப் போடுவதும் பச்சைக்குப் போடுவதும். திண்ணையில் விட்டு வந்ததாக நினைத்த உப்புகள், ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஏறி வந்து எதிரே உட்கார்ந்திருந்தன. சக ஊழியரிடம் சொன்னேன். அவர் தஞ்சாவூர்க்காரர், சிரித்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போனார்.

இந்தத் தொழிலில் ஒரு துப்பறியும் சந்தோஷம் உண்டு. டெல்டாவில் ஒரு வயல் கிணறு கரிக்கிறது என்றால், அந்த உப்பு கடல் உள்ளே ஏறி வந்ததாக இருக்கலாம். பழைய கடல் பின்வாங்கும்போது களிமண்ணில் விட்டுப்போனதாக இருக்கலாம். உரமாகவோ இறால் குட்டையாகவோ இருக்கலாம். எண்ணெய்க் கிணற்று நீராகவும் இருக்கலாம். நாக்குக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கடல் நீரில் குளோரைடு எடையில் புரோமைடைப் போல ஏறக்குறைய 290 மடங்கு. பூமிக்கடியில் கிடந்த நீரில் இந்த விகிதம் வேறாகிப் போகிறது. ஸ்ட்ரான்ஷியத்தின் ஐசோடோப்புகள் அது எந்தப் பாறையோடு குடித்தனம் நடத்தியது என்று காட்டிக்கொடுக்கும். பேரியம் இன்னொரு விதம். சல்பேட் கலந்த நீரைச் சந்தித்த உடனே கரைசலை விட்டு இறங்கிக் கல்லாகக் குழாயின் உட்புறம் படியும். படியும்போது ஆழத்திலிருந்து வந்த ரேடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

இதன் விளைவு என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் பிளாக்லிக் என்ற ஓடை. எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து அதில் விட்டுக்கொண்டிருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் அவ்னர் வெங்கோஷும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுத்திகரிப்பில் ரேடியம் பெருமளவு நீக்கப்பட்டிருந்தது. அப்படியும் வெளியேறும் வாய்க்கருகே ஓடையின் வண்டலில் ரேடியம், மேலே இருந்த வண்டலைவிடச் சுமார் 200 மடங்கு. குளோரைடும் புரோமைடும் நீக்கப்படாமல் ஆற்றோடு போயின. வெளியே விடுகிற நீரைத் தினமும் சோதித்தவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வண்டலைத் தோண்டிப் பார்க்கும்படி அவர்களை யாரும் கேட்டிருக்காவிட்டால் போதும்.

கேட்கப்பட்டதற்கு மட்டும் பதில் சொல்வது. இதை நான் பென்சில்வேனியாவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

டெல்டாவில் ஒரு கிராமம். ஒரு விவசாயி, தன் கிணறு கரிக்க ஆரம்பித்துவிட்டது என்று பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். விஷயம் மேலே போய், ஒருவாறாக என்னிடம் மூன்று மாதிரிகள் வந்தன. சோதித்தேன். விகிதங்கள் கடலும் இல்லாமல் ஆழ்நீரும் இல்லாமல் நடுவில் நின்றன. இப்படி நேர்வது சகஜம். இரண்டு மூன்று உப்புகள் கலந்தால் இப்படித்தான் ஆகும். நான் எழுதிய அறிக்கையின் கடைசி வாக்கியம்: 'உப்பின் மூலத்தைத் திட்டவட்டமாக நிர்ணயிக்க இயலவில்லை.'

இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதற்காகத்தான் இதைப் பற்றி இத்தனை வருஷங்கள் யோசிக்க வேண்டியிருந்தது. கவிதை வரிகளைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். இதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். 'இயலவில்லை' என்றால் யாருக்கு? எழுவாய் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நின்றுவிடும். இந்தச் சலுகையை அலுவலகங்களைப் போல வேறு யாரும் அனுபவித்ததில்லை. அடுத்து, 'கொடுக்கப்பட்ட மூன்று பாட்டில்களை வைத்து' என்ற சொற்கள் அதில் இருந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள ஏழெட்டுக் கிணறுகளில், மழைக்கு முன்னும் பின்னும் ஒரு வருஷம் எடுத்துப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதாதே என்று யாரும் மிரட்டவுமில்லை. அப்படி எழுதுவது வழக்கமில்லை, அவ்வளவுதான். என் வாக்கியம் மேலே போகப் போக, 'சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை' என்றும், பிறகு 'சம்பந்தம் இல்லை' என்றும் சுருங்கிற்று. அந்த விவசாயி என்னை மறுபடி பார்க்க வந்தபோது குடிக்கலாமா என்றுதான் கேட்டார். 'அறிக்கை கொடுத்தாகிவிட்டது' என்றேன். 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே வயலில் இறங்கியதைப் பத்திரிகையில் பார்த்தபோது, நான் நினைத்துக்கொண்டது அந்த மனிதரைத்தான்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். கரிசலில் மாற்றம் ஒன்றும் அதிகமில்லை. பயராபீஸ்கள் கூடியிருந்தன, பருத்தி குறைந்திருந்தது. என் கண் மட்டும் தொழிலின் கண்ணாக மாறியிருந்தது. மருந்து அறையைக் கழுவிய நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். மிச்சமான மருந்தை இரவு வைத்திருக்கலாகாது என்று பொட்டலில் கொட்டி எரிப்பதைப் பார்த்தேன். ஆபத்தைத் தவிர்க்கிற நல்ல வழக்கம்தான். ஆனால் எரியாமல் தங்குவது மண்ணில் தங்குகிறது. கோடையில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்பு வழியே நேராகக் கீழே போகும். கீழே கெட்டிப் பாறை. அதன் மேல் சிதைந்த படலத்திலும் இடுக்குகளிலும் இருக்கிற கொஞ்ச நீர்தான் எங்கள் கிணறுகள்.

வண்ண மருந்துகளில் சேர்க்கிற ஆக்ஸிஜன் சரக்குகளில் ஒன்று பெர்குளோரேட். குளோரின் ஒன்று, அதைச் சுற்றி ஆக்ஸிஜன் நான்கு. நன்றாகக் கரையும். களிமண் இதைப் பிடித்து வைக்காது, எதிலும் படியாது. தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். உடம்பில் இது தைராய்டுக்கு அயோடின் போகும் வாசலில் போய் நின்றுகொள்கிறது. 1950களில் தைராய்டு மிதமிஞ்சிச் சுரப்பவர்களுக்கு டாக்டர்கள் இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். ரத்தம் ஊறாமல் போய்ச் சிலர் இறந்த பின் அது குறைந்தது. எங்கள் ஊர் இதை மருந்து என்று சொல்வதில் அப்படி ஒரு நியாயமும் இருக்கிறது. கொஞ்சமாக, நெடுநாள் குடிக்கும்போது கவலைப்பட வேண்டியது கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பற்றி. பிள்ளையின் மூளை வளர அந்த அயோடின் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் நம் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று அமெரிக்கா அப்போது வைத்திருந்த வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தன. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. மிக அதிகமாகக் கிடைத்தது 7,690. பட்டாசும் தீப்பெட்டியும்தான் முக்கியக் காரணம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எழுவாயோடு.

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது எங்கள் பக்கத்தில் எந்த நாளிலும் மறக்கப்படாது, மறக்கவும் கூடாது. எங்கள் ஊர்களைப் பற்றி நான் படித்த கதைகளிலும் கவிதைகளிலும் வெடிப்பு இருக்கிறது, கருகிய கைகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கிணறு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சத்தம் போடுகிற துக்கத்துக்கு உருவம் கொடுப்பது எளிது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்றில் எதுவுமே நிகழ்வதில்லை.

அக்காவின் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு. குழாயில் வரும் தண்ணீர் முறை வைத்து வரும். வராத நாளில் இதுதான் குடிக்க, சமைக்க. அவளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். நான் பழக்கதோஷத்தில் பாட்டிலும் கையுமாகக் கிணற்றடிக்குப் போனதைப் பார்த்து அக்கா கேட்டாள்: "இத்தன வருசம் ஊர்த் தண்ணியெல்லாம் பாத்த. நம்ம தண்ணியப் பாக்க இப்பத்தான் ஒனக்கு நேரம் வந்துச்சா?"

முதலில் வழக்கமான சோதனைக்குக் கொடுத்தேன். உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அது நாக்குக்கே தெரியும். பேரியமும் பார்க்கச் சொல்லியிருந்தேன். 2012இல் வெளியான இந்தியக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, பேரியத்துக்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அக்காவின் கிணற்றில் அதற்கு வெகு கீழே. அதில் சந்தோஷப்பட எனக்கு அருகதை இல்லை. எங்கள் நீரில் சல்பேட் ஏராளம். பேரியம் வந்தாலும் கரைந்து நிற்காது, படிந்துவிடும். போதாததற்குக் களிமண் வேறு பிடித்துக்கொள்ளும். முப்பது வருஷம் குழாய்களைச் சுரண்டிக் கற்ற பாடம் இது. பச்சை உப்பு சாட்சி சொல்ல வராது. சாட்சி சொல்லக்கூடிய பெர்குளோரேட்டுக்கு அந்தத் தரப் பட்டியலில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் எந்தச் சாதாரணச் சோதனைச்சாலையும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காததால் நாட்டில் அது இல்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம், அதற்கான கருவி இருக்கிற இடத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினேன். வந்த எண் 15ஐத் தாண்டியிருந்தது, 70ஐ எட்டவில்லை.

இந்த இரண்டு எண்களையும் விளக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் குடிநீரில் பெர்குளோரேட் 2 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்றது. அடுத்த வருஷம் கலிபோர்னியா 6 என்றது. 2008இல் அமெரிக்க மத்திய நிறுவனம் 15 என்று ஓர் ஆலோசனை அளவைச் சொல்லிவிட்டு, சட்ட வரம்பு வைப்பேன் என்று 2011இல் அறிவித்து, வேண்டாம் என்று 2020இல் பின்வாங்கி, அது செல்லாது என்று 2023இல் நீதிமன்றம் சொல்லக் கேட்டுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 70 என்றது. எல்லோரும் பார்த்தது அதே தைராய்டைத்தான். அக்காவின் கிணற்றைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கெட்ட தண்ணீராகவோ நல்ல தண்ணீராகவோ ஆகும். அது இருக்கிற இடத்தில் இரண்டும் இல்லை.

காகிதத்தோடு போனேன். அக்கா திண்ணையில் இருந்தாள்.

"குடிக்கலாமா கூடாதா? அத மட்டும் சொல்லு."

"அமெரிக்காக்காரன் வெச்ச கணக்குக்கு மேல இருக்குக்கா. உலகக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ இருக்கு."

"நம்ம கவர்மெண்டு?"

"நம்மகிட்ட அதுக்குக் கணக்கே இல்ல."

"கணக்கு இல்லன்னா நல்லதா, கெட்டதா?"

இதைவிடக் கூர்மையாக என் அறிக்கைகளை யாரும் விமர்சித்ததில்லை. நான் சும்மா இருந்தேன். பழைய வாக்கியம் வாய்வரை வந்தது, இயலவில்லை என்று முடிகிற அதே வாக்கியம். பேத்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். காகிதத்தைத் திருப்பிப் பின்புறத்தில் எழுதினேன்: 'இந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைத்தாய்ச்சியும் கைக்குழந்தையும் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் இது போகாது. அயோடின் கலந்த உப்பையே சாப்பிட வேண்டும்.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். நான் என்ற சொல் என் தொழில் எழுத்தில் முதல் தடவையாக வந்திருந்தது. அது ஆராய்ச்சி முடிவும் அல்ல. எனக்குத் தெரிந்ததை வைத்து என் பொறுப்பில் சொன்னது.

அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத."

"பக்கத்து வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கேக்கா."

"இருக்கு. அதுகளுக்குக் கஞ்சி எங்கருந்து வருது? பச்ச உப்புக்குத் தடைன்னு கோர்ட்டுல சொன்னப்ப எத்தன மாசம் பயராபீஸ் பூட்டிக் கெடந்துச்சு, நீ இங்க இல்ல. நான் இருந்தேன்."

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்ததையும், அதன் பின் ஆலைகள் மூடிக் கிடந்ததையும் சொல்கிறாள். அப்போது நான் பென்ஷன் காகிதங்களோடு வேறு ஊரில் இருந்தேன். டெல்டாவில் என் வாயைக் கட்டியது வழக்கம். இங்கே கட்டுவது பசி. முன்னதைக் கோழைத்தனம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. கட்டம் இல்லாத பட்டியலைத் தயாரித்தவர்கள், சொல்லாமல் இருக்க வேண்டிய வேலையை என் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கிணறுகளைச் சோதி, கெட்டதை மூடு, மாற்றுத் தண்ணீர் கொடு, மருந்து கழுவிய நீரைத் தனியே தேக்கு என்று ஒரு வரம்பு சொல்லியிருந்தால், ஆலையா தண்ணீரா என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திராது.

பேத்திக்குக் கேன் தண்ணீர் வாங்குவது என்று முடிவாயிற்று. அக்கா காகிதத்தை நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். நான் இதை இங்கே எழுதுவது அவளுக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை எங்கள் ஊருக்கு வருவதில்லை என்பதை நினைத்துத் தைரியப்படுகிறேன். அதே காரணத்துக்காக வெட்கமாகவும் இருக்கிறது.

கிளம்பும்போது எப்போதும் போலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர். வாங்கிக் குடித்தேன். சின்ன வயதில் கரித்த மாதிரியே கரித்தது. கரிப்பது சாதாரண உப்பு. மற்றதற்கு ருசி கிடையாது.